கயிற்றில் ஓட்டிய கைக்குட்டை

இன்று காலை எங்கள் ஹெப்பகோடி அடுக்குமாடியில் லிஃப்ட் கயிற்றுக்கு கிரீஸ் பூசினார்கள். அந்த வாசனை படிக்கட்டு முழுவதும் இறங்கி நின்றது. கீழே உன் மனைவி லதா காத்திருந்தாள். நாளை தொழிலாளர் நீதிமன்றத்தில் உனக்காக நான் சாட்சி சொல்ல வேண்டும். அதைப் பற்றிப் பேச சந்தாபுராவிலிருந்து வந்திருக்கிறாள்.

அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். ஏற்றுமதி இலக்கைத் தாண்டியதற்காக நம் தொழிற்சாலை இருபது பேரைச் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் சுற்றுலா அனுப்பியதே, நினைவிருக்கிறதா? பினாங்கில் கப்பல் அரை நாள் நின்றது. மலை ரயிலுக்குப் போனோம். பாதி மலையில் வண்டி மாறும் இடத்தில் எல்லோரும் கடலைப் பார்க்க, நீ தண்டவாளத்தின் நடுவே ஓடிய இரும்புக் கயிற்றின் அருகில் குனிந்தாய். கைக்குட்டையை அதன்மேல் சுற்றி மெதுவாக இழுத்தாய். இழை ஒன்று அறுந்திருந்தாலும் துணி சிக்கும். பொம்மசந்திராவில் நம் தொழிற்சாலை லிஃப்ட் கயிற்றில், பனியன் வேஸ்ட் துணியால் தினமும் நீ செய்த வேலைதான்.

"அண்ணே, கைய எடுங்க. வண்டி கெளம்பப் போவுது" என்றார் வண்டியின் பிரேக் பிடிக்கும் ஊழியர். அவரும் தமிழர்.

"டேய், கப்பல் போயிட்டா நீந்தியா வருவ?" என்று நம்மவர்கள் கத்தினார்கள்.

தொழிற்சாலையில் என்னை 'சார்' என்பாய். வெளியே வந்தால் பெங்களூர்க்காரனாக 'குரு'. என்னிடம் மட்டும் சொன்னாய்: "கப்பல் போனா அடுத்த கப்பல், குரு. கயிறு போனா?"

துணி சிக்கவில்லை. பிறகுதான் எங்களை ஏறவிட்டாய். உச்சியில், "லதாவ ஒருவாட்டி கூட்டிட்டு வரணும்" என்றாய். இறங்கும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். கயிற்றைப் பார்த்தாயிற்று, உனக்கு வேறு கவலை ஏது?

இரண்டு ஆண்டுகள் கழித்து நம் சரக்கு லிஃப்டில் துணி சிக்கியது. கயிற்றை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினாய். மூன்றையும் மாடியில் நிர்வாகத்திடம் எடுத்துச் சென்றவன் நான். மூன்றின் ஓரத்திலும் 'பிறகு பார்க்கலாம்' என்று அழகான கையெழுத்தில் எழுதித் திருப்பினார்கள். நீ பூட்டி வைத்த லிஃப்டை, சரக்கு தேங்குகிறது என்று திறக்கச் சொன்னார்கள். வேறு யாரையும் ஏற்றாமல் சரக்கோடு நீயே ஏறினாய். கயிறு அறுந்து விழுந்த லிஃப்டிலிருந்து நீ உயிரோடு வரவில்லை.

விசாரணை அறிக்கை நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. 'பணியாளரின் கவனக்குறைவு' என்றது. சாட்சியாக நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்கள். நான் கீழே போய், அறுந்த கயிற்றின் மிச்சத்தில் என் கைக்குட்டையை ஓட்டினேன். நான்கு இடங்களில் கிழிந்தது. அதை அந்தப் புள்ளியின் மேல் விரித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வெளியேறினேன், திரும்பப் போகவில்லை. என் கோபம் இத்தனை ஆண்டுகளில் ஆறவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நாளைக்கும் உயர்த்தப் போவதில்லை.

இன்று காலை கிரீஸ் பூசிய மெக்கானிக்கிடம் கேட்டு, லிஃப்டை நிறுத்தச் சொல்லி, மேலே இயந்திர அறையில் கயிற்றில் ஒரு புதிய கைக்குட்டையை ஓட்டினேன். தேடிக்கொண்டு படியேறி வந்த லதா வாசலில் நின்று பார்த்தாள்.

"நீங்களுமா அண்ணா?" என்றாள். "கப்பல்லேர்ந்து கொண்டாந்த கைக்குட்டைய எத்தன வாட்டி துவைச்சேன் தெரியுமா? அந்தக் கற போவவே இல்ல."

துணி சிக்காமல் வந்தது. அதன் பிறகே அவளை லிஃப்டில் ஏறச் சொன்னேன். அன்று கிழிந்த கைக்குட்டை ஓர் உறையில், நாளைய சாட்சிக்காக, என் சட்டைப் பையில் இருந்தது.