ஜன்னல் பக்கக் கன்னம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

நான் பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டேன். நேற்று நீங்கள், “தழும்பு மங்கட்டும், அப்புறம் வேலைக்குப் போயேன்”னு சொன்னதும் கத்திவிட்டேன். கத்தியது தப்பு. கிளம்பியது தப்பில்லை.

இருபது வருஷம் பஸ் ஓட்டி ஜன்னல் வெயில் பட்ட கன்னத்தில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்தாகிவிட்டது. “துளிகூட மிச்சமில்லம்மா”ன்னு டாக்டரே சொல்லிவிட்டார். இனி யாருக்காக நான் முகத்தை மூடிக்கொண்டு திரிய வேண்டும்? அந்தத் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டேன். வெயிலுக்கான கிரீம் பூசிக்கொண்டேன், பயப்படாதீர்கள்.

பி.கு.: இப்போது நீங்கள் விட்ட குறட்டையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கன்னம் இழுக்கவே இல்லை!