வாசலில் நிற்க ஓர் ஆள்

12 மார்ச் 1996, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் பரராசசிங்கம் அண்ணையும் அவர் மனைவி பாலாம்பிகையும் என் வீட்டுப் படிக்கட்டில் காத்திருக்கிறார்கள். அண்ணையின் கையில் நகரசபை வரைபடம். யாழ்ப்பாணத்தில் நான் புவியியல் படிப்பித்ததை ஜெர்மனிக்கு வந்த பிறகும் இவர்கள் மறக்கவில்லை.

அண்ணையின் வீட்டு நிலவறையில் ஒரு சின்னக் கருங்கற் பிள்ளையார் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் சனம் படிவரை நின்று கும்பிடும். அது குடியிருப்புப் பகுதி, அங்கே இப்படிக் கூட்டம் கூடாது, ஜூன் முடிவோடு நிறுத்து என்று உத்தரவு வந்திருக்கிறது. ரயில் பாதைக்கு அப்பால் ஒரு பழைய கம்பளக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்துவிட்டார்கள். ஆனால் அது தொழிற்பேட்டை. அங்கே கம்பளம் விற்கலாம், டயர் மாற்றலாம். கும்பிடுவதென்றால் விசேட அனுமதி வேண்டும். அதை நகரசபையின் கட்டடக் குழு கூடித் தீர்மானிக்கும்.

"நீங்கள் வந்து கதைக்கவேணும் ரீச்சர். எங்கட டொச் பாஷை அவையளுக்கு விளங்காது."

"நான் கோயிலுக்கே வாறேல்லையே அண்ணை."

"கும்பிடுறதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம். நீங்கள் கதையுங்கோ."

சம்மதித்தேனா? தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சம்மதித்ததாக நினைத்துத்தான் போயிருப்பார்கள்.

21 மார்ச், வியாழன்

கட்டட அலுவலகம். அதிகாரி ஃப்ராவ் வெல்லர் மரியாதையான பெண். வரைபடத்தில் கிட்டங்கி இருக்கும் இடம் சாம்பல் நிறம், அதாவது தொழிற்பேட்டை. சாம்பல் நிறத்தில் வழிபாட்டிடத்தை விதிவிலக்காக அனுமதிக்கலாம் என்றார்.

"அப்படியென்றால் அனுமதிப்பார்களா?"

"அனுமதிக்கலாம்."

முடிவு வரும்வரை கிட்டங்கியை எதற்கும் பயன்படுத்தக் கூடாது, அயலவரின் கருத்தும் கேட்கப்படும் என்றார். அண்ணையிடம் இரண்டு தரம் சொன்னேன். "ஒண்டும் செய்யமாட்டம் ரீச்சர்."

21 ஏப்ரல், ஞாயிறு

செய்துவிட்டார்கள்.

காலையில் பாலாம்பிகையின் தொலைபேசி. "ரீச்சர், கெதியா வாங்கோ! நெருப்பணைக்கிறவங்கள் வந்து நிக்கிறாங்கள்!"

கிட்டங்கி முற்றத்தில் மூன்று கல், புதுப் பானை, உடைத்த பலகை விறகு, ஒரே புகை. இன்று நல்ல நாளாம். பக்கத்து டயர்க் கடைக்காரர் ஹெர் குறோகர் கடைக்கு மேலேதான் குடியிருக்கிறார். புகையைக் கண்டு அறிவித்தவர் அவர்தான்.

"என்ன எரிகிறது?" என்று தீயணைப்புக்காரர் கேட்டார்.

"பால்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

பாலாம்பிகை கையை விரித்துக்கொண்டு பானைக்கு முன்னால் நிற்கிறாள். "பொங்கட்டும் எண்டு சொல்லுங்கோ ரீச்சர்! பொங்க முன்னம் தண்ணி ஊத்தினால் இந்த இடம் எங்களுக்குச் சரிவராது."

இதை எந்த முகத்தோடு மொழிபெயர்ப்பது? பெயர்த்தேன். அந்த மனிதர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குழாய் பிடித்து நின்றவரைக் கைகாட்டி நிறுத்தினார். தீயணைப்புக்காரர்கள், குறோகர், நான், எல்லோரும் ஒரு பானையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "கிழக்காலை பொங்கிச்சுது!" என்று சனம் கைதட்டியது. அதன் பிறகுதான் தண்ணீர் ஊற்றினார்கள்.

நான் கத்திவிட்டேன். "ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ!"

அண்ணைக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "உள்ளுக்க ஒண்டும் செய்யேல்லையே ரீச்சர். பால்தானே காய்ச்சினம். ஒரு இடத்தை எடுத்திட்டுப் பால் காய்ச்சாமல் விடுறதோ?"

23 ஏப்ரல், செவ்வாய்

ஃப்ராவ் வெல்லர் தொலைபேசியில் அழைத்தார். அனுமதிக்கு முன்பே பயன்பாடு தொடங்கிவிட்டது, இது குழுவின் முன் வரும், மறுக்க அதுவே போதும் என்றார். பால் காய்ச்சுவது பயன்பாடா? இல்லை என்று வாதாடினேன். தொலைபேசியை வைத்த பிறகு எனக்கே சந்தேகம். அவர்களைப் பொறுத்தவரை கோயில் அன்றைக்கே தொடங்கிவிட்டதுதானே.

2 ஜூன், ஞாயிறு

அண்ணை சரியாகச் சாப்பிடுவதில்லையாம். விரதமா, பயமா என்று பாலாம்பிகைக்கும் தெரியவில்லை. அனுமதி இல்லையென்றால் பிள்ளையாரைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்க வேண்டும் — அதை அவர் என்னிடம் ஒரு தரம்தான் சொன்னார்.

20 ஜூன், வியாழன்

குழு கூடியது. எங்களுக்கு முன் ஒரு கார் கழுவுமிடம், ஒரு நாய்ப் பயிற்சித் திடல். நாய்களுக்கு உடனே கிடைத்தது.

குறோகரைப் பேச அழைத்தார்கள். புகையைத்தான் சொல்லப் போகிறார் என்று இருந்தேன். "பாலைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பொங்கும்வரை நானும் நின்றேன். கார்கள்தான் பிரச்சினை. என் வாசலை அடைத்தால் லொறி திரும்ப முடியாது. யாராவது ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். ஜெர்மன் தெரிந்தவராக."

அது யார் என்று குழுத் தலைவர் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு இந்த நம்பிக்கை எதுவும் இல்லை" என்றேன்.

"அப்படியானால் இன்னும் நல்லது" என்றார் குறோகர். "பூசை நேரத்தில் உள்ளே ஓடமாட்டார்."

சிரித்தார்கள். கைகள் உயர்ந்தன. இரண்டு வருடத்துக்கு அனுமதி. திறந்த நெருப்புக் கூடாது. மணி அடித்தால் கதவு மூடியிருக்க வேண்டும். கோடு போட்ட பதினான்கு இடத்துக்கு மேல் கார் நிற்கக் கூடாது. பூசை நாட்களில் வாசலில் நான்.

வெளியே அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு மகிழ்ச்சியா, கோபமா? வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன்.

30 ஜூன், ஞாயிறு

இன்று பிள்ளையார் வரும் நாள். மழை. மாலையில் உதைபந்தாட்ட இறுதி ஆட்டம் என்று குறோகர் யன்னலில் கொடி கட்டியிருந்தார்.

முதலில் வந்து பார்க்கும் ஆசையில் சனம் நேரத்தோடு வந்து பதினான்கையும் நிரப்பிவிட்டது. கடைசியாக அண்ணையின் கார். முன் இருக்கையில் பெல்ட் போட்டபடி பிள்ளையார்.

"இடமில்லை அண்ணை."

"ரீச்சர்... உள்ளுக்க இருக்கிறது ஆரெண்டு தெரியுதோ?"

"தெரியுது. காரை ஸ்ரேசனடியில விட்டிட்டு நடந்து வாங்கோ."

குறோகர் தன் கடை வாசலில் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை ஏசுவார் என்று நினைத்தேன். காரைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினார்.

சற்று நேரத்தில் தெரு முனையில் கண்டேன். துவாயால் சுற்றிய பிள்ளையாரை நெஞ்சோடு அணைத்தபடி வருகிறார், குடை இல்லை. என்னிடம் குடை இருந்தது. நான் வாசலை விட்டு நகரக் கூடாது. ஓடினேன். குடையைப் பிள்ளையாருக்குப் பிடித்தேனா, அண்ணைக்குப் பிடித்தேனா? கதவடிவரை பிடித்தேன். அவர்கள் உள்ளே போனதும் கதவை மூடினேன். பிறகு மணி கேட்டது, மெதுவாக.

திரும்பிப் பார்த்தால் நான் நின்ற இடத்தில் குறோகர், மழையில், கை கட்டியபடி.

"யாராவது வந்தார்களா?" என்று கேட்டேன்.

"ஒரு ஓப்பல் கார்" என்றார். "இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்."