வடிகட்டி அனுப்பிய குழாய்த் தண்ணீர்

சங்கரன்கோவில்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் பிரேமலதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் இரண்டு வாரமாகச் சரியில்லை, அதற்குக் காரணம் நான்தான். போனில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் நீ சிரித்துக்கொண்டே பேசியதைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டு முடித்துவிட்டேன். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை இசக்கிச்செல்வி எழுதுகிறாள், எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

வெளிநாட்டில் உன்னோடு படிக்கிற பிள்ளை லீவுக்கு ஊருக்கு வந்தபோது நீ எட்டு காலி பாட்டில் கொடுத்துவிட்டாய் அல்லவா, நம் தெருவில் எட்டு வீட்டுக் குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று. பழைய இரும்புக் குழாயின் உள்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அங்கே எது ஒட்டுகிறது, எது கரைந்து வருகிறது என்று பார்க்கத்தான் கேட்டாய். கூடவே ஒரு தாளும் வைத்திருந்தாய். முதலில் வருகிற தண்ணீரையே பிடிக்க வேண்டும், வடிகட்டக் கூடாது, காய்ச்சக் கூடாது என்று உன் தங்கை அதை வாசலில் நின்று இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். எட்டு வீட்டுப் பெண்களும் கேட்டோம், கேட்டுவிட்டு நீ அங்கே போய் நம் வீட்டு வழக்கத்தை மறந்துவிட்டாய் என்று முடிவு செய்தோம். ஆறு நாளைக்கு ஒரு தடவை குழாய் வருகிறது, முதலில் வருவது காவி நிறத்தில் வரும், அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுத் தெளிந்த பிறகுதான் குடத்தை வைப்போம் என்று உனக்குத் தெரியாதா. முருகம்மாள் அக்கா சொன்னாள், "முதல் தண்ணியையா அனுப்பச் சொல்லுதா? அங்கன போயி நம்ம தெரு மானத்தை வாங்கவா?" எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

எங்கள் தப்பு அதோடு நிற்கவில்லை. பரிசோதனை என்றால் உங்கள் பேராசிரியர் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கே நாம் பச்சைத் தண்ணீர் கொடுத்ததில்லை, கடல் தாண்டி இருக்கிற பெரிய மனுஷருக்கா கொடுப்பது? அப்பாவின் புது வேட்டியில் வடிகட்டி, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்து ஊற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். நாலு வீட்டுக்குப் பக்குவமும் சொல்லிக் கொடுத்தேன். மீதி மூன்றில் இரண்டு வீட்டில் கேன் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள்.

தாளில் இருந்தபடி செய்தது முப்பிடாதியம்மாள் ஒருத்திதான். அதுவும் தாளை மதித்து இல்லை, சோம்பலில். தண்ணீர் வந்ததும் பாட்டிலைக் குழாயில் காட்டினாள், டீ டிக்காஷன் மாதிரி வந்ததை அப்படியே மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள். இதைக் கொடுத்தால் என் மகள் அங்கே தலைகுனிந்து நிற்க வேண்டுமே என்று நான் சத்தம் போட்டேன். அவள் அசையவே இல்லை. "கேட்டது குழாய்த் தண்ணியைத்தான? குழாயில வந்ததைத்தான் புடிச்சிருக்கேன். உன் வீட்டுத் தண்ணி எதுல வந்துச்சு?" என்று கேட்டாள். அந்த எட்டாம் நம்பர் பாட்டிலை இங்கேயே ஒதுக்கிவிடத்தான் இருந்தேன், உன் தங்கை எனக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளை கொண்டுபோன பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ சந்தோஷத்தில் அழுதுகொண்டே பேசினாய். நாலு வருஷமாக ஒன்றும் அமையாமல் இப்போதுதான் விடிந்தது, உலகத்தில் எந்தக் குழாயிலும் காணாத ஒரு பொருள் நம் தெருத் தண்ணீரில் இருக்கிறது, ஒரு பாட்டிலில் என்றால் தற்செயல், ஐந்து பாட்டிலில் இருப்பதால் அது கண்டுபிடிப்புதான் என்று பேராசிரியர் சொன்னதாகச் சொன்னாய். துருப் படிவம்தான் அதை உண்டாக்குகிறது என்று அவர் ஒரு கொள்கையே வகுத்துவிட்டார் என்றாய். எட்டாம் பாட்டில் மட்டும் கெட்டுப்போனது என்று தள்ளிவைத்துவிட்டாராம். அப்பா மறுநாளே பூ மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு அண்ணாச்சி இரண்டு குடத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார், மூட்டுவலிக்கு நம் தெருத் தண்ணீர் கேட்கிறதாம். குடித்துவிட்டு, கேட்டது என்றும் சொன்னார். உங்கள் பேராசிரியரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

வருகிற பத்தொன்பதாம் தேதி அத்தனை பேர் முன்னால் நீ அதைப் பற்றிப் பேசப் போகிறாய். அந்தக் கூட்டத்தில் சமையல் தெரிந்த ஒருத்தர் இருந்தால் போதும், நாலு வருஷப் படிப்பும் போச்சு. உன் தங்கை எந்த வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மூன்று நாளாகச் சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நேற்றுக் கேட்டாள், "யம்மா, நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?" அவள் சொன்னால் அது புகார், நான் சொன்னால்தான் சரி. பிரேமா, அது சீரகம். வேறு ஒன்றுமில்லை. பேராசிரியரிடம் அம்மா செய்த வேலை என்று என் பேரைச் சொல்லியே சொல். முதலில் அந்த எட்டாம் பாட்டிலைக் கீழே ஊற்றிவிடாமல் எடுத்து வை, உன்னிடம் இருப்பதில் நம் தெருத் தண்ணீர் அது ஒன்றுதான்.

இன்றைக்குக் குழாய் வரும் நாள். முதல் தண்ணீரை நானே ஒரு பாட்டிலில் பிடித்தேன். கை தானாக அதைச் சாக்கடைப் பக்கம் கொண்டுபோனது, இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். உங்கள் இரண்டு பேரையும் இதே குழாயில் வந்ததைக் கொடுத்துத்தான் வளர்த்தேன். தெளிந்ததும் நல்ல தண்ணீர் என்று நானே வைத்துக்கொண்டேன், யாரையும் கேட்கவில்லை. நீ கேட்கத்தான் போயிருக்கிறாய். கேட்டுச் சொல், என்ன வந்தாலும் அப்படியே சொல்.

நீ நீண்ட ஆயுசோடு நல்லா இருக்கணும், கோமதியம்மன் துணை இருப்பாள். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு குளிரில் வெளியே போகாதே. யார் வீட்டில் என்ன செய்தார்கள் என்ற பட்டியல் தனிப் போட்டோவாக வருகிறது, முருகம்மாள் அக்காவிடம் அது நம்மிடம் இருப்பதாகச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
வெட்கத்தை விட்டுக் கையெழுத்துப் போடும் உன் அம்மா
கோமதித்தாய்