இரண்டு பேர் வந்தார்கள்

என் பிரியமுள்ள மகளுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடு இருக்கட்டும். அப்பா நலம். முழங்கால் மட்டும் சபைக் கமிட்டியில் கோபித்துக்கொண்ட மூப்பரைப் போல எதற்கும் மறுப்புச் சொல்கிறது. மாத்திரை போடுகிறேன். நீ அனுப்பிய போர்வை வந்தது. நல்ல கனம். போர்த்திக்கொண்டால் யாரோ மேலே சாய்ந்திருப்பது போல இருக்கிறது. அதுவும் நல்லதுதான், வீட்டில் ஒரு ஆள் கூடின மாதிரி.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கல்லூரிக்குப் பின்னால் நீ எடுத்திருக்கும் அறைக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு பெண்தான் வருகிறாள் என்றும், எத்தனை பேர் எத்தனை பேர் என்று மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். “இந்த மாணவர் ஊழியம் எனக்கு ஒத்துவரலைப்பா, விட்டுட்டு வீட்டுக்கே வந்துடட்டுமா” என்று முடித்திருந்தாய். அந்த வரியை வாசித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அறையைப் பெருக்கினேன். என் பழைய குழாய் வேலையில் மிஞ்சி, கட்டிலுக்கு அடியில் அடைத்து வைத்திருந்த குழாய்த் துண்டுகளையெல்லாம் பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். பதில் எழுதவேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

பதிலுக்கு முன்னால் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் நன்றாக நடக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன் அல்லவா? நடக்கிறது. நடத்துகிறவனும் நான், வருகிறவனும் நான். தையல்காரர் தன் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டார். கணக்கு டீச்சரம்மா எங்கேயோ நடக்கிற கூட்டத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறார். “அதுல பிடிக்கலைன்னா சத்தத்தைக் குறைச்சுக்கலாம், உங்களைக் குறைக்க முடியலையே” என்று என்னிடமே சொன்னார். நியாயம்தானே. நான் பாடினால் தண்ணீர் வராத குழாயைத் திறந்த சத்தம்தான் வரும். உன் அம்மா இருந்தவரைக்கும் பக்கத்தில் நின்று ராகத்தை இழுத்துப் பிடித்துக் கொடுப்பாள்.

பதினோரு வாரமாக நான் மட்டும்தான். ஆறு மணிக்கு ஆலயத்தின் பக்க அறையைத் திறப்பேன், நாற்காலிகளைப் போடுவேன். “எழுந்து நிற்போம்” என்று சொல்லி நானே எழுந்து நிற்பேன். “உட்காருவோம்” என்று நானே உட்காருவேன். முழங்காலுக்கு இதில்தான் கோபம். முடிவில் அறிவிப்பும் உண்டு. அடுத்த வாரம் எல்லாரும் தவறாமல் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பேன்.

வருகைப் புத்தகத்தில் ஒன்று என்று எழுதினால் அது கூட்டம் ஆகாது, கமிட்டி அறையை எடுத்துக்கொள்ளும். குறைந்தது இரண்டு வேண்டும். முதல் வாரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூட இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர்தானே கர்த்தர், அவரையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. இரண்டு என்று போட்டேன். பதினோரு வாரமும் இரண்டுதான். தெரு முழங்கால் ஆழம் மூழ்கின மழையில்கூட எங்களில் ஒருத்தர் குறையவில்லை!

போன புதன்கிழமை புது பாஸ்டர் கையில் அளவு டேப்போடு வந்தார். பக்க அறையில் வாலிபர் ஆராதனைக்கு டிரம்ஸ் வைக்கப் போகிறார்களாம். நான் “உட்காருவோம்” என்று பாதி உட்கார்ந்திருந்த நேரம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, வாராவாரம் ரெண்டுன்னு போட்டிருக்கீங்களே, அந்த இன்னொருத்தர் யாரு?” என்றார். “அவருக்குக் கையெழுத்துப் போடற பழக்கம் இல்லைங்க” என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து, “நடத்துங்க ஐயா” என்றார். ஆள் வந்ததும் எனக்கு ஜெபமே மறந்துபோய்விட்டது.

முடிந்தபின் உன்னைப் பற்றிக் கேட்டார். அவரும் உன்னுடையது போன்ற ஒரு கல்லூரி அறையில்தான் ஆண்டவரை அறிந்துகொண்டவராம். “உங்க பொண்ணு வந்து வாலிபர்களைப் பார்த்துக்கிட்டா நல்லாயிருக்கும். நீங்க ஒரு வரி எழுதினா வந்துடுவாங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று வீடுவரை நொண்டாமல் நடந்தேன்.

அந்த வாலிபர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்கள் பாட்டு எனக்குப் பிடிபடாது; பாட்டு முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்றே தெரியாது. ஆனால் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரம்ஸ் அடிக்கிற பெண் கண்ணீர் வழிய வழிய அடித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர்களைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

நாற்பது பேருக்கு வேறு யாராவது கிடைப்பார்கள். உன்னிடம் வருகிற அந்த ஒரு பெண்ணுக்கு? காலி அறையில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன், ஒரு காலடிச் சத்தத்துக்காகக் காது எப்படிக் காத்துக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்து பூட்டைப் பார்க்கக்கூடாது. எண்ணிக்கை கேட்கிறவர்களுக்கு இரண்டு என்று எழுதி அனுப்பு. நீயும் அவளும். உனக்கு அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரிடம், இப்போதைக்கு நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். உனக்கே அங்கே இருக்க முடியவில்லை என்றால் வா. எனக்காக வராதே.

பதினோரு இரண்டையும் அடித்து, ஒன்று என்று திருத்தி, புத்தகத்தையும் சாவியையும் கொடுத்தேன். பாஸ்டர் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். மைக் பெட்டிகள் வைக்கிற சின்ன அறையைக் காட்டி, “புதன்கிழமை இதுல நடத்துங்க ஐயா” என்றார். இரண்டு நாற்காலி போடலாம்.

ஒரு உதவி செய். புதன்கிழமை ஆறு மணிக்கு, எங்கே இருந்தாலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துகொள். களைப்பாக இருந்தால் ஜெபிக்கக்கூட வேண்டாம், சும்மா இரு. நான் இங்கே இரண்டு என்று எழுதிக்கொள்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமையும் கர்த்தர் அந்தப் பெண்ணை உன் வாசலுக்கு அனுப்புவாராக. நீ கதவைத் திறந்து வைத்திரு.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அப்பா

பி.கு.: குழாய்த் துண்டுகளை இன்னும் உன் அறைக்குள் திரும்ப எடுத்து வைக்கவில்லை. முழங்கால் வலி, வேறொன்றுமில்லை.