குஞ்சுகளுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீர்

வைகாசி 9, வியாழன்

இன்றைக்கும் இரண்டு கோழிக்குஞ்சுகள் செத்துவிட்டன. முந்தாநாள் அருப்புக்கோட்டையிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நான் கொண்டுவந்தவை. "சீக்கு விழுந்துருச்சு. மிச்சமும் தேறாது" என்று என் வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. துவண்டு கிடந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கால் காய்ந்த குச்சியாகச் சுருங்கியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. இது சீக்கு இல்லை, தாகம். ஆனால் தட்டு நிறையத் தண்ணீர் இருந்தது. விரலை விட்டேன், சுட்டது. நாக்கில் வைத்தேன், ஒரே உப்பு. மாடித் தொட்டியில் வெயிலில் கிடந்த போர்த் தண்ணீர்.

குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மோந்தேன். அவர் பாய்ந்து வந்தார்.

"எட்டு நாளைக்கு ஒருக்கா வர்ற நல்ல தண்ணிய கோழிக்கா ஊத்துற? ஊரு சிரிக்கும் புள்ள."

தட்டில் இருந்ததை டம்ளரில் ஊற்றி நீட்டினேன். "மொதல்ல நீங்க இதக் குடிங்க. அப்புறம் பேசுவோம்."

உதட்டில் வைத்தவர் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

ஒவ்வொரு குஞ்சின் அலகையும் நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டேன். ஒரு சொட்டு உள்ளே போனதும் தானாகக் குடிக்க ஆரம்பித்தன. தட்டை நிழலுக்கு மாற்றினேன். பொழுது சாய்வதற்குள் இரை பொறுக்கின. ஒன்று மட்டும் இன்னும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. விடியும்வரை தாங்குமா தெரியவில்லை.

நாளைக்கும் முதல் செம்பு குஞ்சுகளுக்குத்தான். மறுபடி வாயைத் திறந்தால் அவருக்குக் காப்பி போர்த் தண்ணீரில்தான்.