ஏழாயிரம் லிட்டர் காற்று

11.8, திங்கள்
விடியும்போதே புழுக்கம். இவருடைய ஆக்சிஜன் மெஷின் நேற்று நின்றுவிட்டது. சரிசெய்ய ஒரு வாரமாம். அதுவரை விழுப்புரத்துக் கடையிலிருந்து பெரிய சிலிண்டர். 7000 லிட்டர். டாக்டர் சொன்னது நிமிடத்துக்கு 2 லிட்டர்; சிலிண்டர் திருகை 2இல் வைத்தேன்.

7000 ÷ 2 = 3500 நிமிடம். 58 மணி 20 நிமிடம்.

காலை 8க்கு மாட்டியது. புதன் மாலை 6.20க்குத் தீரும். அடுத்த சிலிண்டர் வண்டி புதன் 6க்கு. நடுவில் இருபதே நிமிடம். வாய்விட்டு மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கட்டிலிலிருந்து இவர், "இன்னா, பரீட்சையா எழுதற?"

வாங்க: பால், மாத்திரை, கொத்தமல்லி.

12.8, செவ்வாய்
காலை 8. 24 மணி × 120 = 2880 லிட்டர். சிலிண்டர் நிறைந்திருந்தபோது 150 காட்டிய மீட்டர் முள் இப்போது 88க்கு வந்திருக்க வேண்டும். 100இல் நிற்கிறது. என் கணக்குத்தான் தப்பா? பத்தாவதில் கணக்கில் 36 மார்க் வாங்கியவள்.

சிலிண்டர் கடைக்குப் போன். "முள்ளு ஒட்டிக்கினு இருக்கும்மா. அத நம்பாதீங்க." அப்படியென்றால் கசிந்தாலும் தெரியாதே.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் டைப்பிங் கடை வேலை. ஐந்தாம் வகுப்பு வினாத்தாள். 'ஒரு குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம்...' 2க்குப் பதில் 20 அடித்துவிட்டேன். முதலாளியிடம் திட்டு.

13.8, புதன்
5 மணிக்கு வீடு. வண்டி விக்கிரவாண்டியில் பஞ்சர், ஏழாகும் என்று போன்.

6.20. சிலிண்டர் காற்று கடந்து வரும் பாட்டில் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. 6.40. இன்னும் வருகிறது. முள் 30.

முள் சரியென்றால் மிச்சம் 1400. கூடுதல் இருபது நிமிடத்துக்கு 40. ஆக 1440. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குறைத்தால் 1440 நிமிடம், 24 மணி நேரம். மூன்று நாளுக்கு எட்டு எட்டு. நான் வீட்டில் இல்லாத நேரம்.

"சிலிண்டர் திருகை ரெண்டுலேர்ந்து கொறச்சீங்களா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒண்ணுல வச்சேன். இருவது நிமிசம், இருவது நிமிசம்னு பொலம்பிக்கினே இருந்த. மிச்சம் புடிச்சேன்."

"மூச்சு வாங்கலியா?"

"வாங்குச்சு. நீ வர்றதுக்குள்ள ரெண்டுல வச்சிடுவேன்."

கத்தினேன். அழுதேன். 7.10க்கு வண்டி. புது சிலிண்டரை இறக்கியதும் கேட்டார்: "இது எத்தினி மணி நேரம் வரும்?"

தெரியாது என்றேன்.