ஸ்டீயரிங்கை விட்டு எழுந்த கை

அன்பு மகன் பெசோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவுக்கு ரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கி நிற்கிறது, என் முழங்கால் ஐந்தாவது மாடிவரை சும்மா இருந்துவிட்டு அதற்கு மேல் ஏறும்போதுதான் தன் வேலையைக் காட்டுகிறது, காசு போட்டால் ஏறும் லிஃப்ட் மறுபடியும் காசை விழுங்கிவிட்டு நகராமல் நிற்கிறது, எட்டு மாடியும் நடைதான். உடம்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மிச்சக் கடிதம் முழுக்கக் கோபம், அதனால் வேலைக்குப் போகும் அவசரத்தில் படிக்காதே, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சரிம்மா, பாத்துக்கறேன்மா என்பாய், நானும் வைத்துவிடுவேன். இந்தத் தடவை நீ எதையும் பார்த்துக்கொள்ள வேண்டாம். போலந்து போகும் பஸ்ஸில் புளிப்புப் பிளம் குழம்பு ஜாடிகளோடு இந்தக் கடிதத்தையும் வேண்டுமென்றே போட்டு அனுப்புகிறேன். பஸ் புதன்கிழமை கிளம்புகிறது, வார்சாவுக்கு வர நாலைந்து நாள் ஆகும். அப்பாவின் டிரைவர் அக்கவுண்டை உன் கம்பெனி ஒரேயடியாக மூடப்போவது வெள்ளிக்கிழமை மதியம். அதனால் நான் சிபாரிசு கேட்டு எழுதுகிறேன் என்று நீ நினைக்க வழியே இல்லை.

ஆமாம், மூடப்போகிறார்கள். முப்பது நாளாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என் வாயை அடைத்துவிட்டார். பையனுக்குச் சங்கடம் வரும், அவன் சோத்துல நாம கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டார். அவர் சோற்றில் கை வைத்தது யார் என்று நான் கேட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீதானே எங்களைச் சுற்றுலாக் கார் விடும் உன் கம்பெனியில் சேர்த்துவிட்டாய், டிரைவரும் கைடும் ஜோடியாக இருந்தால் நல்ல கிராக்கி, அப்பா ஓட்டட்டும், நீ ஜெர்மன்ல பேசு, விருந்தாளி இஷ்டப்பட்ட இடத்துக்கு இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போகலாம், திட்டம் எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், அதுதான் இப்ப எல்லாரும் விரும்பறாங்க என்றாய். சரி என்றோம். நன்றாகத்தான் போனது. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தபோது ஒரு பிள்ளைகூட என் பேச்சைக் கேட்டதில்லை, இப்போது பெரியவர்கள் கேட்டார்கள்.

ஜூன் மாதம் காரில் கேமரா வைக்கச் சொன்னார்கள். எல்லா டிரைவருக்கும் கட்டாயம். முகத்தைப் பார்க்காது, ஸ்டீயரிங்கையும் அதன் மேல் இருக்கும் கையையும் மட்டும்தான் பார்க்கும், மனுஷனுடைய அந்தரங்கத்தை மதிக்கிறோம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். கை ஸ்டீயரிங்கை விட்டால் கிய்ங் என்று கத்தும். உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? டிராலிபஸ் ஓட்டிய காலத்திலிருந்து ஒரு கோயிலைக் கண்டால் மூன்று முறை சிலுவை போடாமல் அந்த மனுஷன் தாண்டியதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லிச் சண்டை போடுகிறவள் நான்தான். ரேவாஸ், கைய எடுக்காத, ரோட்டப் பாரு, கடவுள் பிரேக் போட மாட்டாரு என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு வண்டியை உரசியதுண்டா? ஒரு நாயை மிதித்ததுண்டா? இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். மெத்தேக்கி கோயில் பாலத்தில் பஸ் திரும்பும்போது டிரைவரிலிருந்து கடைசி சீட்டில் இருப்பவர்வரை கை எழுந்து இறங்குவதைப் பார்த்துத்தானே நீயும் வளர்ந்தாய்.

கேமரா ஒரு நாள் முழுக்கக் கிய்ங் கிய்ங் என்று கத்தியது. ஜூலையில் முதல் எச்சரிக்கை வந்தது. அப்பா உண்மையிலேயே முயன்றார், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தலையை மட்டும் ஆட்டிப் பார்த்தார். நாக்கால் வாய்க்குள்ளேயே சிலுவை போட்டுப் பார்த்தார், அதைக் கண்டு நான் சிரித்த சிரிப்பில் பின்சீட்டில் இருந்த செக் நாட்டுப் பெண்கள் பயந்துபோனார்கள். சாயங்காலம் வந்து கை குறுகுறுங்குது மக்வாலா, யாருக்கோ கடன்பட்ட மாதிரி இருக்கு என்றார். ஆகஸ்டில் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஒவ்வொரு கோயிலுக்கும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சிலுவை போட்டுவிட்டு மறுபடி கிளம்புவது. அகலச் சாலையில் கஷ்வெத்தி கோயில் முன்னால் நிறுத்தினாரே, பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கிக்கொண்டு, யோவ் பெருசு, கல்யாணம் பண்ணிக்கப் போறியா, இறங்கி உள்ள போய்யா என்று கத்தினான். இரண்டு நாளில் அதற்கும் எச்சரிக்கை: திட்டத்தில் இல்லாத நிறுத்தங்கள். விருந்தாளி திட்டத்தை நாளுக்குப் பத்து தடவை மாற்றலாம், டிரைவர் அரை நிமிஷம் நிறுத்தக்கூடாது. இஷ்டம்போல என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்களே, யார் இஷ்டம் என்று சின்ன எழுத்திலாவது போட்டிருக்க வேண்டாமா?

செப்டம்பர் முதல் வாரம் டுசல்டார்ஃபிலிருந்து ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், நல்ல மனிதர்கள். காலையில் கந்தக வெந்நீர்க் குளியல் என்றார்கள், வாசலுக்குப் போனதும் சாயங்காலம் குளிக்கலாம், முதலில் பழைய சாமான் சந்தை என்றார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மாளுக்குக் கண்ணாடியை ஓட்டலிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. பிறகு பசி, பிறகு மலைமேல் போகலாம், மலையிலிருந்து பார்த்ததும் கீழே அந்தப் பாலத்துக்கு இன்னொரு தடவை போகலாமா. மெத்தேக்கியை மட்டும் ஆறு முறை தாண்டினோம். ஸமேபா பெரிய கோயிலோ எந்த மேட்டில் ஏறினாலும் எதிரே வந்து நிற்கிறது. அப்பா அன்றைக்கு எதையும் அடக்கவில்லை. கேமரா கத்தட்டும் என்று விட்டுவிட்டார். அந்த அம்மாள் இவர் என்ன செய்கிறார் என்று கேட்டாள், நான் அப்பாவிடம் கேட்டேன். தெரிஞ்சவங்க வீட்டு வாசலத் தாண்டிப் போறோம், ஒரு வார்த்தை சொல்லாம எப்படிப் போறது, நீயே சொல்லு என்றார். அதை ஜெர்மனில் சொன்னதும் அந்தக் கிழவர் கைகொட்டினார், அதற்குப் பிறகு கோயில் வரும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து அவரே எண்ண ஆரம்பித்துவிட்டார். மொத்தம் நாற்பத்தொன்று. பாதிக்கு மேல் அவர்கள் மனம் மாறியதால் வந்தவை. ஐந்து நட்சத்திரம் போட்டார்கள், இவ்வளவு பத்திரமாக யாரும் எங்களை ஓட்டிக்கொண்டு போனதில்லை என்று எழுதினார்கள்.

மறுநாள் காலை அப்பாவின் அக்கவுண்ட் நின்றுவிட்டது. நாற்பத்தொரு கவனக்குறைவு. எட்டுப் படங்கள் அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் ஸ்டீயரிங்கில் இடது கை மட்டும், வலது கை இல்லை. அடுத்ததில் வலது கை திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அது எங்கே போனது, நெற்றிக்கா தோளுக்கா, படத்தில் கிடையாது, ஏனென்றால் நீங்கள் அந்தரங்கத்தை மதிக்கிறீர்கள். கீழே ஒரு படிவம். கெடு நாளுக்குள் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, இனிமேல் செய்யமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் திறந்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரேயடியாக மூடிவிடுவார்கள். காரணங்கள் நான்கு: போன், சாப்பாடு, சிகரெட், தூக்கம். வேறு என்று எழுத ஒரு வரி இடம்கூட இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்துவிட்டு, இதுல நான் எதையுமே பண்ணலியே என்றார்.

இங்கே இருக்கும் ஆபீசுக்குப் போனோம். ஈராக்லி என்று ஒரு பையன், உன்னைவிட இரண்டு வயது சின்னவன் இருப்பான். மாமா, போன்னு அமுக்கிடுங்க, எல்லாரும் அதான் பண்றாங்க, மூணு நாள்ல திறந்துடும், எதுக்கு டென்ஷன் என்றான். அப்பா சொன்னார், தம்பி, இருபத்திரண்டு வருஷம் டிராலிபஸ் ஓட்டினேன், வண்டியில போன் எடுத்ததில்ல. என் பொண்டாட்டிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட ஓரங்கட்டி நிறுத்திட்டுத்தான் எடுத்தேன். போன் பேசினேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? அந்தப் பையன் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, மாமா, அது கையெழுத்து இல்ல, வெறும் பட்டன் என்றான். அப்பா எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, கீழே போய், சும்மா நிற்கும் காரைத் துடைத்துவிட்டு மேலே வருகிறார். வண்டி இல்லாமல் எனக்கும் வேலை இல்லை, ஜோடியாகத்தானே எங்களைப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் அவர் தூங்கும்போது நானே போன் என்று அமுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன், கடவுச்சொல் எனக்குத் தெரியும், உன் பிறந்தநாள்தானே அது. விரல் பட்டன் மேல் இருந்தது. அப்போதுதான் படங்களுக்குக் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். எங்கள் பணியாளர் ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்தார், வார்சா மையம். பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

புத்தாண்டுக்கு வந்தபோது உன் வேலையைப் பற்றி நீ சொன்னது நினைவிருக்கிறதா? வீடியோத் துண்டு வரும்மா, ஏழு நாட்டிலிருந்து வரும், ஒண்ணுக்கு நாலு செகண்டுதான், ஆமா இல்லன்னு அமுக்கணும், யோசிச்சா நம்ம கணக்கு பின்தங்கிடும் என்றாய். நான்கூட, கண்ணுக்கு நல்லதில்லை, அடிக்கடி எழுந்து நட என்று சொன்னேன். கண்ணைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், முட்டாள்.

அந்தப் படங்களை எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். ஆறாவது படத்தில் வலது கை ஸ்டீயரிங்கைத் தொடப்போகிறது, விரல்கள் விரிந்திருக்கின்றன, மோதிர விரலின் நுனி இல்லாதது பளிச்சென்று தெரிகிறது. நீ முதல் வகுப்புப் படித்தபோது கார்க் கதவை அறைந்து சாத்தினாயே, அந்த விரல். அவர் ரத்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, முதலில் உன் அழுகையை நிறுத்தி, உன்னை வீட்டில் விட்டுவிட்டு, பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்சான்னு போட்டிருக்கு பாரு, நம்ம பையன் ஆபீஸ் என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவன் பாத்திருக்க மாட்டான், அவன் பாத்திருந்தா இந்தக் கை யாருதுன்னு தெரிஞ்சிருக்கும் என்றார். அவ்வளவுதான். அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. எழுந்து தக்காளிக்கு உப்புப் போடப் போய்விட்டார்.

எனக்குச் சந்தேகம் இருக்கிறது, பெசோ. அமுக்கியது நீ இல்லாமல் இருக்கலாம், பக்கத்து நாற்காலிப் பெண்ணாக இருக்கலாம். அதனால் என் கோபம் குறையவில்லை. அவள் உன் அப்பாவின் கையை நாலு செகண்டில் தள்ளிவிட்டாள் என்றால், அதே நாலு செகண்டில் நீ யாருடைய அப்பாவின் கையைத் தள்ளினாய்? அவரும் எந்த ஊரிலோ காரைத் துடைத்துவிட்டு மாடி ஏறிக்கொண்டிருப்பார். முகத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கையை மட்டும் உங்களுக்கு அனுப்புகிறானே, அவன் கெட்டிக்காரன். முகம் தெரிந்தால் உங்களால் அவ்வளவு வேகமாக அமுக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். உங்களையும் அவன் விரலாகத்தான் வைத்திருக்கிறான். உன் வேலையை விடு என்று சொல்லவில்லை, வாடகை கட்ட வேண்டும், எனக்குத் தெரியாதா. ஆனால் அந்தப் படிவத்தில் ஐந்தாவதாக ஒரு வரி வேண்டும் என்று உங்களில் ஒருத்தராவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் எதையும் அமுக்கப்போவதில்லை. அப்பா நேற்றே கேமராவைக் கழற்றி, துடைத்து, அது வந்த பெட்டியிலேயே வைத்துவிட்டார், ஆபீசில் தன் கையால் கொடுத்துவிட்டு வரப்போகிறார். போகிற வழியில் இரண்டு கோயில் இருக்கிறது. பல் டாக்டரின் தங்கை அடுத்த மாதம் வருகிறாளாம், நேரே என் போனுக்கே கூப்பிட்டாள். அது ஒன்று இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. பார்ப்போம்.

ஜாடியை நிமிர்த்தியே வை, மூடி கசியும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், போன வருஷக் கோட்டுக்குக் கை குட்டை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள். நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு, உனக்கு எந்தக் கெடுதலும் அண்டாமல் இருக்கட்டும். நான் கும்பிடாதவள், என் பங்குக்கும் சேர்த்து அப்பா போடுகிறார், நாற்பத்தொன்றில் பாதி உனக்காக என்று அவரே சொன்னார்.

பதில் எழுது. போனில் வேண்டாம், எழுது. ஒரே ஒரு கேள்விதான். ஆறாவது படம் உன் திரையில் வந்ததா? வந்திருந்தால், அந்த விரலைப் பார்த்துவிட்டு அமுக்கினாயா, பார்க்காமலே அமுக்கினாயா? எதுவானாலும் எனக்கு எழுது. அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன்.

உன் அம்மா
மக்வாலா
திபிலிசி, செவ்வாய்க்கிழமை